வடைச்சட்டிக்குக் கடலை எண்ணெயா, சூரியகாந்தியா? குடல் பக்கம் நின்று ஒரு பார்வை

பென்னாகரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் மூன்று எண்ணெய் இருக்கிறது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், சூரியகாந்தி பாக்கெட், ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். மீன் பொரிக்க எதை எடுப்பது என்று அடிக்கடி பேச்சு வரும். எண்ணெய் என்றாலே மாரடைப்பைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் கெட்ட எண்ணெய் ரத்தத்துக்குப் போகும் முன் குடலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எண்ணெய் கெடுவது என்பது அதிலுள்ள கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்துப் பக்கம் ஆக்சிஜன் கை வைப்பது. பிணைப்பு கூடினால் வேகம் பல மடங்கு ஏறும். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் இரண்டு பிணைப்புள்ள லினோலிக் அமிலம் சுமார் 60 சதவீதம். கடலை எண்ணெயில் அது பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டி. மீதியில் பெரும்பங்கு ஒரே பிணைப்புள்ள ஒலியிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு, அதனால் கெட்டுப்போவது மிகக் குறைவு. ஆனால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதால் தினசரி பொரிக்க அதை நான் எடுப்பதில்லை.

லினோலிக் சிதையும்போது 4-ஹைட்ராக்சிநோனினால் போன்ற ஆல்டிஹைடுகள் பிறக்கின்றன. புரதங்களில் ஒட்டி அவற்றின் வேலையைக் கெடுப்பவை இவை. குடலின் உள்சுவரில் இருப்பதோ ஒரே ஒரு அடுக்குச் செல். பக்கத்துச் செல்லோடு நெருக்கித் தைத்த மாதிரி நிற்கும். வரும் நஞ்சைச் செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் முறிக்கிறது. மூன்று முதல் ஐந்து நாளுக்குள் அந்த அடுக்கே புதிதாகிவிடுகிறது. ஆகவே எப்போதாவது தின்ற பஜ்ஜியைக் குடல் சமாளித்துக்கொள்ளும். தினமும் வந்தால்தான் சிக்கல். குளுட்டாதயோன் குறைந்து, தையல் நெகிழ்ந்து, பாக்டீரியாவின் துணுக்குகள் உள்ளே கசிய, அழற்சி கிளம்புகிறது. இதில் பெரும்பகுதி செல் வளர்ப்பிலும் எலிகளிலும் பார்த்தது. மனிதர்களிடம் நேரடிச் சான்று குறைவு. என்றாலும் என் பிள்ளைகளின் தட்டு விஷயத்தில் எனக்கு இதுவே போதும்.

ஆக, பொரிக்க என் ஓட்டு கடலை எண்ணெய்க்கு. சூரியகாந்தியில் வைட்டமின் ஈ கூடுதல்தான். ஆனால் அடுப்பில் காயக் காய அதுவும் தீர்ந்துபோகும். செக்கெண்ணெய் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. சரியாகக் காயாத கடலைக்காயில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும்; சுத்திகரிக்காத எண்ணெயில் அது தங்கிவிடலாம். அப்புறம், தெளியட்டும் என்று கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். வெளிச்சமே எண்ணெயைக் கெடுக்கும். மூடியிட்ட எவர்சில்வர் தூக்கில், நிழலில் வைத்தால் வண்டல் தானாக அடியில் இறங்கும்.

ஆனால் எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை முறை காய்ந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. போன மாதம் ஒகேனக்கல்லில் ஒரு மீன் கடை முன் நின்றேன். வாணலியில் எண்ணெய் கருப்புக் காபி நிறம். துண்டு போட்டதும் சின்னச் சின்ன நுரை எழுந்து அடங்கவே இல்லை. கரண்டியில் தூக்கினால் பாகு மாதிரி இறங்கியது. மீனின் ஈரமும் உப்பும் எண்ணெயை உடைக்கும். மீனின் சொந்தக் கொழுப்போ இன்னும் சீக்கிரம் கெடும். எல்லாம் அந்த வாணலியிலேயே சேர்கிறது. எண்ணெய் உடைந்து இப்படிச் சேரும் கழிவுகளான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நம் நாட்டு விதி.

“அக்கா, புது எண்ணெயில ஒரு துண்டு போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டேன். “அதுக்கென்ன தம்பி” என்று தனி வாணலி வைத்து சூரியகாந்தி பாக்கெட்டைக் கிழித்தார். மூன்று நாள் காய்ந்த கடலை எண்ணெயும் புதுச் சூரியகாந்தியும் எதிரே இருந்தால் யோசிக்காமல் சூரியகாந்திதான்.

வீட்டில் இப்போது பெரிய வடைச்சட்டி பரணில் இருக்கிறது. சின்னதில் மீன் துண்டு மூழ்கும் அளவு மட்டும் ஊற்றுகிறோம். அப்பளம் பொரித்து மீந்த எண்ணெய் வடிகட்டி மறுநாள் தாளிப்புக்குப் போகும். மீன் பொரித்தது அன்றோடு சரி.