சோள முளைத் தட்டு செட்: கோழிக்கும் முயலுக்கும் சரி, ஆட்டுக்கு யோசித்து வாங்குங்கள்

ஹட்டன் டவுனில் விவசாயச் சாமான் விற்கும் ஒரு கடையில் இந்த முளைத் தீவனத் தட்டு செட்டை வாங்கினேன். ஆறு பிளாஸ்டிக் தட்டு, அடுக்கி வைக்க ஒரு இரும்புச் சட்டம், தண்ணீர் தெளிக்க ஒரு கைப்பம்பு, ஒரு பொதி சோளம் (மக்காச்சோளம்). மழைக்காலம் முழுக்கப் பாவித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், எங்கள் தோட்ட லயத்திலேயே பலர் இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

தட்டு நல்ல சாமான். ஈரச் சோளத்தோடு தூக்கினாலும் வளையவில்லை. வேலையும் லேசு. சோளத்தைக் கழுவி ஒரு இரவு ஊறப்போட்டு, ஈரச் சாக்கில் ஒரு நாள் கட்டி வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளித்தால் வேரெல்லாம் பாய் போலப் பின்னிக்கொண்டு மண்ணே இல்லாமல் பச்சைப் பசேலென்று எழும்பும். 7 நாளில் தயார் என்று தாளில் போட்டிருக்கிறார்கள். பசறையில் இருக்கும் அண்ணிக்கு அந்தக் கணக்குச் சரியாக வருகிறது, எங்கள் பக்கக் குளிருக்கு இன்னும் சில நாள் கூடப் போகிறது. நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான் இருக்கும், அங்கே உள்ளவர்கள் தட்டை அடுப்படிப் பக்கம் வைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

பெரிய குறை ஓட்டைதான். தட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் ஓட்டை போட்டிருப்பதால் நடுவில் தண்ணீர் தேங்குகிறது, மூடுபனிக் காலத்தில் அது காயவே காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். மறுபக்கத்துக்கு ஒரு பலகைத் துண்டைக் கொடுத்துச் சரித்து வைத்தேன், அப்புறம் பரவாயில்லை. கறுப்பாகவோ சாம்பலாகவோ பூஞ்சணம் படர்ந்தால், புளித்த வாடை வந்தால், மேலே உள்ள பச்சையை மட்டும் வெட்டிப் போடலாம் என்று நினைக்காதீர்கள், முழுத் தட்டையும் கொட்டிவிடுங்கள். முளைத் தானியத்தில் வரும் சில பூஞ்சணங்கள் மாட்டையே நரம்பு தளர்ந்து விழவைக்கும், முயல் எந்த மூலைக்கு? ஒவ்வொரு தடவையும் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் காய வையுங்கள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அந்தச் சோளப் பொதியைப் பார்த்துத்தான். இளஞ்சிவப்பு மருந்து பூசிய விதைச் சோளம்! மண்ணில் ஊன்றுவதற்கு உள்ளது அது, தீனிக்கு ஆகவே ஆகாது. திருப்பிக் கொடுத்துவிட்டு, மொனராகலைப் பக்கமிருந்து வரும் மருந்து படாத சோளத்தைச் சந்தையில் வாங்கினேன். மலிவு என்று இறுங்கை (சோர்கம் தானியம்) முளைக்கப் போடவும் வேண்டாம், அதன் இளம் பயிரில் சயனைட் நஞ்சு உண்டு.

அடுத்தது விளம்பரம். ஒரு கிலோவுக்கு 7 கிலோ பச்சைத் தீவனம், புல்லே தேவையில்லை என்கிறார்கள். நிறை கூடுவது உண்மை, எனக்கும் கிட்டத்தட்ட 6 கிலோ வந்தது. ஆனால் கூடியதெல்லாம் தண்ணீர். காய்ந்த சோளம் ஒரு கிலோவில் 880 கிராம் அளவுக்கு உலர்ந்த சத்துப் பொருள் இருக்கும். முளைத்த தீவனத்தில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அந்த 6 கிலோவையும் காயவைத்தால் போட்டதை விடக் குறைவாகத்தான் மிஞ்சும், முளைக்கும்போது தானியம் தன் மாவைத் தானே எரிக்கிறது. கொழுந்தெடுத்து முடித்த கையோடு மழையிலும் அட்டைக்கடியிலும் புல்லறுக்கப் போகும் பெண்களிடம் "இனிப் புல் வேண்டாம்" என்று சொல்லி விற்பது பெரிய அநியாயம். இதை மட்டும் போட்டால் ஆடு வயிறு நிறைந்த மாதிரி இருந்து மெலியும். அதற்கு நார் வேண்டும். பலாக்குழை, முள்முருங்கை, குவாத்தமாலாப் புல் போட்டுவிட்டு, மேலதிகமாக ஒரு துண்டு முளை கொடுங்கள், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், இல்லாவிட்டால் கழிச்சல் பிடிக்கும்.

கோழிக்கும் முயலுக்கும் என்றால் தயங்காமல் சொல்வேன், வாங்குங்கள். முளைக்கும்போது விட்டமின் கூடுகிறது, செரிமானமும் லேசு. அடைமழையில் வெளியே விட முடியாத கோழிகள் வேரோடு கொத்தித் தின்கின்றன, முட்டைக் கருவும் நல்ல மஞ்சளாக வருகிறது. வழமையான தீனியை நிறுத்தாமல் இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இரும்புச் சட்டம் இந்த ஈரத்துக்கு இப்போதே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது, பம்பின் வாயும் அடைக்கிறது. கேட்டால் தட்டை மட்டும் தனியாகத் தருகிறார்கள். தட்டை வாங்கிக்கொண்டு, சட்டத்தை மூங்கிலில் அடித்துக்கொள்ளுங்கள்.