பாப் மார்ஷலில் குதிரைமேல் எல்க் வேட்டை: இடம் அருமை, சேணம் சுமார்

எல்க் எனும் பெரிய மானை வேட்டையாட, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள பாப் மார்ஷல் வனப்பகுதியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம், 1964-இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட அந்த 10 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை என்பதுதான். மாநிலத்தின் மற்ற பகுதிகளில் துப்பாக்கி வேட்டைப் பருவம் பொதுவாக அக்டோபர் பிற்பகுதியில் தொடங்க, இங்குள்ள சில பிரிவுகளில் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடுவதால், ஆண் எல்க்குகள் இணைதேடிக் கூவும் நாட்களில் வேட்டையாட முடிகிறது. விடியற்காலையில் எதிர்ச்சரிவிலிருந்து வந்த அந்தக் கீச்சொலிக்கே கொடுத்த பணம் தகும்.

பயண ஏற்பாட்டாளரின் இடத்தேர்வில் குறை சொல்வதற்கில்லை. குதிரைகளுக்குப் புல்லும் தண்ணீரும் உள்ள ஓடைக்கரையில் கூடாரமடித்து, எல்க்குகள் பகலில் ஒதுங்கும் அடர்ந்த மரச்சரிவைக் காற்றின் திசை பார்த்தே நெருங்கச் செய்தார். வீழ்த்திய விலங்கின் நான்கு கால்பகுதிகளையும் இரண்டு பொதிக்குதிரைகளில் ஏற்றி வந்து, கிரிஸ்லி கரடிகளுக்கு எட்டாதபடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டதிலும் அனுபவம் தெரிந்தது.

சேணத்தில்தான் கோட்டைவிட்டார். கால் வைக்கும் அங்கவடியின் வார் என் கால் நீளத்துக்குச் சரிசெய்யப்படாததால், முதல் நாள் 6 மணி நேரச் சவாரிக்குப் பிறகு முழங்கால்கள் இரண்டும் மடங்க மறுத்தன. கிளம்புமுன் நானே ஒருமுறை ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.