பெரியப்பாவிடம் கேட்ட நர்ஸ்

சிங்கப்பூரிலிருந்து கும்பகோணம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனது, புற்றுநோய் முற்றிப்போன பெரியப்பாவைப் பார்க்கத்தான். போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் இருந்தார். சுத்தத்திலோ கவனிப்பிலோ குறையில்லை. ஆனால் நிலைமை மோசமானால் வெண்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டது வராந்தாவில் நின்ற அண்ணனிடம். பெரியப்பா உள்ளே முழு நினைவோடு படுத்திருந்தார். "நோயோட பேரைக்கூட அவர்கிட்ட சொல்லலைப்பா, நீயும் வாய் விட்டுடாதே" என்றார் பெரியம்மா.

பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் 1960களில் சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் இதைத்தான் பார்த்தார்கள். நோயாளிக்கும் தெரியும், சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியும், ஆனால் இரண்டு பக்கமும் தெரியாததுபோலவே பேசிக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் அதேதான்.

கொஞ்சம் தேறியதும் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அப்புறம்தான் நல்ல மருத்துவம் என்றால் என்னவென்று பார்த்தேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண நர்ஸ் வீட்டுக்கே வந்தார். முதுகிலிருந்த படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று பெரியம்மாவின் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, "தாத்தா, ராத்திரி எந்நேரம் வலி கூடுது? இனிமே எப்படிப் பார்த்துக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இங்கேயே இருக்கேன்மா. குழாயெல்லாம் வேண்டாம்." தயக்கமே இல்லை அவரிடம். இத்தனை பேர் சுற்றி இருந்தும் எங்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையே என்று மனம் வலித்தது.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 'லிவிங் வில்' பத்திரத்தை, அதாவது பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை, ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. 2023இல் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று போதும் என்றார்கள். நோட்டரியை வீட்டுக்கே வரவழைத்தோம். தன் சார்பில் பேச அண்ணனையும் அக்காவையும் பெரியப்பாவே பெயர் சொல்லி எழுதவைத்தார்.

ஒரு பிரதியை உள்ளாட்சி அலுவலகத்தில் தர வேண்டும். அங்கே அதை யார் வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதை அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் இதற்கென ஒருவரை அரசு நியமிக்க வேண்டும்.