ஒளிர்பூச்சு அசலா, மறுபூச்சா? லென்ஸ், புறஊதா டார்ச், கைகர் கருவி

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வளைகுடாவிலிருந்து வந்த பழைய வாட்ச்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. டயலிலும் முள்ளிலும் உள்ள பூச்சு இரவில் பளிச்சென்று ஒளிர்ந்தால் விலையும் ஏறுகிறது. எனக்கோ அந்தப் பளிச்சில்தான் சந்தேகமே: அசல் பூச்சா, பின்னால் யாரோ பூசியதா?

முதலில் புறஊதா டார்ச். இருட்டறையில் சில விநாடி அடித்து அணைத்துவிட்டு டயலைப் பாருங்கள். ஆறு மணிக்குக் கீழே ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு; 1975-இல் பூசியதில் இன்று பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. டார்ச் பட்டால் ஒளிரும், அணைத்ததும் சட்டென்று மங்கிவிடும். நிமிடக்கணக்கில் பச்சையாக நின்று எரிந்தால், 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்த வகைப் பூச்சு. எழுபதுகளின் டயலில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் ஒளிராத வெறும் நிறக்கலவையைப் பூசியவர் டார்ச்சிடம் தப்பிவிடுவார்.

அவரைப் பிடிப்பது பத்து மடங்கு லென்ஸ். மறுபூச்சு மணிக்குறியின் விளிம்பைத் தாண்டி அச்செழுத்தின் மேல் ஏறியிருக்கும். நடுவே தூரிகை இழுத்த வரி தெரியும். ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசிய இன்னும் பழைய டயலில் முள் நெடுங்காலம் நின்ற இடத்தில் பழுப்பு நிழல் விழுந்திருக்க, முள்ளில் மட்டும் பூச்சு புத்தம்புது வெள்ளையாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். முள்ளின் நிறமும் டயலின் நிறமும் வேறாக இருப்பதை மட்டும் வைத்து டயலைக் குறை சொல்லிவிடக் கூடாது. ரிப்பேரில் முள் மாறியிருக்கலாம்.

கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவிக்கு விலை அதிகம், பயன் குறைவு. டிரிட்டியத்தின் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. அதோடு நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருப்பதால், வாட்ச் இல்லாமலே கருவி டிக் டிக் என்னும். அந்தப் பக்கம் சோதிப்பவர்கள் முதலில் வெறும் இடத்தின் அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு கருவியை வாட்ச்சோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். ரேடியம் என்று சொல்லி விற்கும் நாற்பதுகளின் வாட்ச்சுக்கு மட்டும் இது நல்ல சாட்சி. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஒளி செத்தாலும் கதிர் சாகாது. அளவு கொஞ்சமும் ஏறவில்லையென்றால் அது ரேடியமே அல்ல, அல்லது அசல் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

வாங்கப் போகும்போது என் பையில் இருப்பவை லென்ஸும் டார்ச்சும்தான். கைகர் கருவி வைத்திருப்பவர்கள், அளவு எகிறினால் வாட்ச்சின் மூடியை வீட்டில் திறக்காதீர்கள்; உதிரும் ரேடியம் தூள் மூச்சில் போகக் கூடாது.