ஒரே ஜோடி ஸ்பீக்கரில் பாட்டும் படமும்: ஏவி ரிசீவர் போதுமா, ஸ்டீரியோ ஆம்ப் சேர்க்கணுமா?

பாட்டுக்கு ஒரு ஜோடி, படத்துக்கு இன்னொரு ஜோடி என்று வைக்க எல்லா அறையிலும் இடமிருக்காது. முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்களே இரண்டு வேலையையும் பார்த்தாக வேண்டும். அவற்றை எந்த ஆம்ப் ஓட்டுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

ஏவி ரிசீவரே (படத்தின் சத்தத்தைப் பிரித்து எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் பெட்டி) எல்லாவற்றையும் ஓட்டுவது எளிய வழி. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். அறைக்கேற்பச் சத்தத்தைச் சரிசெய்யும் ரூம் கரெக்‌ஷன், அதற்குக் கீழான பாஸை சப்வூஃபருக்கு அனுப்பும் 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் இரண்டும் பாட்டுக்கும் கிடைக்கின்றன. வீட்டு அறையில் பாஸைக் கெடுப்பது பெரும்பாலும் சுவர்கள்தான், ஆம்ப் அல்ல. குறை பவரில் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 100 வாட், வழக்கமாக இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. 4 ஓம் ஸ்பீக்கரோடு ஐந்து சேனலையும் சத்தமாக ஓட்டினால் ரிசீவர் சூடாகி, புரொடெக்‌ஷனுக்குப் போய் நின்றுவிடலாம். சிக்னலைத் திருத்தாமல் அப்படியே விடும் ‘பியூர் டைரக்ட்’ அழுத்தினால் பல ரிசீவர்களில் பாஸ் மேனேஜ்மென்ட்டும் (பாஸை சப்வூஃபருக்குப் பிரித்தனுப்பும் வேலை) சேர்ந்தே போய்விடுகிறது. சப்வூஃபர் வாய் மூடிக்கொள்ள, சிறிய ஸ்பீக்கரில் பாட்டு மெலிந்து கேட்கும்.

பவர் மட்டும்தான் குறை என்றால், ரிசீவரின் ஃப்ரண்ட் ப்ரீ-அவுட்டிலிருந்து (பெருக்குவதற்கு முந்தைய சிக்னலை வெளியே தரும் முனை) இரண்டு சேனல் பவர் ஆம்புக்கு ஆர்சிஏ கேபிள் போதும். வால்யூம், கிராஸ்ஓவர், கரெக்‌ஷன் எல்லாம் ரிசீவரிடமே இருக்கும்.

ஹோம் தியேட்டர் (ஹெச்.டி.) பைபாஸ் உள்ள இன்டகிரேட்டட் ஆம்ப் (இன்புட்டுகளும் வால்யூமும் சேர்ந்த ஸ்டீரியோ ஆம்ப்) வேறு கதை. டாக் (டிஜிட்டலை அனலாக் ஆக்கும் பெட்டி), டர்ன்டேபிள் எல்லாம் நேரே ஆம்பில். பாட்டு கேட்க ரிசீவரைப் போடவே வேண்டாம். படம் பார்க்கும்போது ப்ரீ-அவுட் சிக்னல் பைபாஸ் வழியாக, ஆம்பின் வால்யூமைத் தொடாமல் போகும். சத்தத்தை ரிசீவர் மட்டுமே கட்டுப்படுத்தும். அதனால் பைபாஸ் இன்புட்டில் சிடி பிளேயரையோ டாக்கையோ தவறியும் செருகக் கூடாது. முழு சத்தத்தில் பாய்ந்து ட்வீட்டரைப் பொசுக்கிவிடும். கனெக்‌ஷன் முடிந்ததும் மைக்கை வைத்து ரிசீவரின் கேலிபரேஷனை (ஸ்பீக்கர்களின் தூரம், லெவல் அளவீடு) மறுபடி ஓட்ட வேண்டும், ஏனென்றால் புது ஆம்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வேறு. ஃப்ரண்ட் ஸ்பீக்கரின் தூரம் நிஜத்தைவிட ஒரு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் ஆம்புகளில் சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதம் வந்தாலே அந்தக் கணக்கு வரும். அதைத் திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு: பாட்டு கேட்கும்போது ரூம் கரெக்‌ஷனும் சப்வூஃபரும் கிடையாது. சப்பில் இரண்டு இன்புட் இருந்தால் எல்எஃப்இ-யை (பாஸுக்கான லைன் இன்புட்) ரிசீவருக்கும், ஹை-லெவலை (ஸ்பீக்கர் வயர் இன்புட்) ஆம்புக்கும் கொடுக்கலாம். அப்போது ரிசீவரில் ஃப்ரண்டை ‘ஸ்மால்’ (பாஸ் ஃப்ரண்டுக்குப் போகாது) என்றே வையுங்கள்; ‘லார்ஜ்’ என்றால் ஃப்ரண்ட் சேனலின் பாஸ் ஹை-லெவல் வழியாகவும் சப்புக்குப் போய், படத்தில் பாஸ் வீங்கும். எங்கள் கணிப்பில், தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் இருப்பவர்களுக்கு பைபாஸ் பொருந்தும். புக்‌ஷெல்ஃபும் சப்பும் வைத்திருப்பவர்களுக்கு ரிசீவரோடு பவர் ஆம்பே மேல்.

ஆம்பில் பைபாஸ் இல்லையா? ஆக்ஸ் இன்புட்டைப் பயன்படுத்தி, வால்யூம் குமிழை ஒரே இடத்தில் நிறுத்தி, அங்கே அடையாளம் வைத்துக் கேலிபரேஷன் செய்யுங்கள். ஃப்ரண்ட் லெவல் மைனஸ் 12 டெசிபலில் போய் முட்டினால் குமிழைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் குமிழ் அதே இடத்துக்கு வரவேண்டும் என்பதுதான் தொல்லை.

ஒரே ஸ்பீக்கரை இரண்டு ஆம்புக்கும் மாற்றிக் கொடுக்கும் ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி கடைசி வழி. இரண்டு ஆம்பின் வயரும் ஒரே நேரத்தில் ஒரு ஸ்பீக்கரைத் தொட்டால் ஒன்றின் அவுட்புட் மற்றதற்குள் பாய்ந்து இரண்டும் போகலாம். பிளஸ், மைனஸ் இரண்டையும் துண்டித்து மாற்றும் பெட்டி மட்டுமே பாதுகாப்பு; ஏனென்றால் பிரிட்ஜ் முறை (இரண்டு முனையிலும் சிக்னல் வரும்) டி கிளாஸ் ஆம்பில் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல.

இரண்டு பெட்டிகளை இணைத்ததும் ‘ம்ம்’ என்று ஹம் வந்தால் கிரவுண்ட் லூப்பாக (எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவது) இருக்கும். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். கேபிள் டிவி கோஆக்ஸைக் கழற்றினால் ஹம் நிற்கிறதென்றால் அந்த வயரில் ஐசொலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள்.