செருப்ப கழட்ட சொன்ன ஒரே எடம்

இந்த சித்திரைக்கு இங்கிலாந்து லெஸ்டர்ல இருந்து ஊருக்கு போயிருந்தேன், உசிலம்பட்டி பக்கம், மொத்தமே மூணு வாரம். திருவிழா பாக்கணும், புரோட்டா சாப்பிடணும்னு பிளான் போட்டு போனவன் பாதி லீவ ஆஸ்பத்திரி பெஞ்சுல கழிச்சுட்டு வந்தேன்.

அப்பாவுக்கு 71 வயசு, சுகர் வந்து 18 வருசம், பீடி அதுக்கும் முன்னாடி இருந்து. வந்த மறுநாள் காலைல அவரு கூட டீக்கடைக்கு நடந்தா, பாதி வழியில நின்னு சுவத்துல இருக்க போஸ்டர படிக்கிறாரு. சரி யாரோ தெரிஞ்சவங்க கண்ணீர் அஞ்சலி போலன்னு நானும் நின்னேன். கொஞ்ச தூரத்துல மறுபடி நிக்கிறாரு, அங்க போஸ்டரே இல்ல. கேட்டா "ஆடுசதை லேசா பிடிக்குதுப்பா, நின்னா விட்ரும்"ங்கிறாரு. அம்மாகிட்ட விசாரிச்சா ஒரு வருசமா இப்படித்தானாம்.

இதுக்கு வைத்தியம் பாக்காம இல்ல. பக்கத்து டவுன்ல ஒரு எடத்துல ரத்த ஓட்டத்துக்கு ஓசியில மெசின் போடுறாங்கன்னு ஊரு பெருசுகள்லாம் வரிசையா போய் கால வச்சு அதிர விட்டுட்டு வந்திருக்காங்க, கடைசில மெசின வாங்க சொல்லி நச்சரிக்கவும் நின்னுட்டாராம். வீட்ல ராத்திரி உப்பு போட்டு சுடுதண்ணி ஒத்தடம் வேற.

சரின்னு மதுரையில ஒரு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனேன். ஏசி, டோக்கன், வீல்சேர் தள்ள ஆளு, எல்லாம் நம்ம லெஸ்டரே தோத்துரும் போல. டாக்டர் எதுக்க ஒக்காந்து நாலு நிமிசம் கேட்டாரு, முதுகுக்கு எக்ஸ்ரே, அப்பறம் எம்ஆர்ஐ, முதுகுல நரம்பு அமுங்கியிருக்கு, கால்லயும் நரம்பு வீக்குன்னு சொல்லி விட்டமின் மாத்திரையும் தொடை வரைக்கும் போடுற இறுக்கமான ஸ்டாக்கிங்ஸும் எழுதிட்டாரு. மொத்தம் 14 ஆயிரத்து சொச்சம். வெளிய வரும்போதுதான் எனக்கு ஒறைச்சுது, அப்பா செருப்பையே கழட்டல.

எனக்கும் சுகர் இருக்கு, அங்க என்எச்எஸ்ல (அரசாங்க மருத்துவ சேவ) வருசத்துக்கு ஒரு தடவ கால் செக்கப் உண்டு. சாக்ஸ கழட்ட சொல்லி பாதத்து மேல ஒரு எடம், உள் கரண்டைக்கு பின்னாடி ஒரு எடம்னு விரல வச்சு நாடி பாப்பாங்க, நைலான் நூல் மாதிரி ஒண்ண வச்சு குத்தி தெரியுதான்னு கேப்பாங்க. அஞ்சு நிமிச வேல, மெசினே வேணாம். (அங்கயும் ஏதாவதுன்னு ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதிட்டாங்கன்னா லெட்டர் வர்றதுக்குள்ள தாடி நரைச்சிரும், அது தனி கத.)

அப்பறம் மாமா சொல்லி ஒரு அரசு ஆஸ்பத்திரியில ரத்தக்குழாய் டாக்டருங்க பாக்குற ஓபிக்கு போனோம். காலைல ஏழு மணிக்கு சீட்டு போட்டு பதினொன்னரைக்கு உள்ள விட்டாங்க, ஃபேன் ஒண்ணு சுத்தல, பாத்ரூம் பத்தி பேச வேணாம். ஆனா உள்ள இருந்த அந்த சின்னப் பொண்ணு டாக்டர் மொத வார்த்தையே "ஐயா, செருப்ப கழட்டிட்டு மேல படுங்க" தான். கால தொட்டு பாத்தாங்க, எடது கால் சில்லுனு இருக்கு, முடியெல்லாம் கொட்டி தோல் பளபளன்னு இருக்கு, இத்தன நாளா நாங்க யாரும் கவனிக்கல. "நின்னாலே வலி போயிருமா, இல்ல ஒக்காந்தாத்தான் போகுமா?"ன்னு கேட்டாங்க. நின்னாலே போயிரும்னாரு. முதுகுத்தண்டு வலின்னா பெரும்பாலும் ஒக்காரணும், இல்ல குனியணும், நின்னாலே விடுற வலி ரத்தக்குழாய் அடைப்புல வர்றதுன்னாங்க. ஜெர்மன்காரங்க இதுக்கு கடை ஜன்னல் நோய்னே பேரு வச்சிருக்காங்களாம், வலிக்குதுன்னு மத்தவங்களுக்கு தெரியாம இருக்க கடைய வேடிக்க பாக்குற மாதிரி நிப்பாங்கன்னு. எங்கப்பாவுக்கு போஸ்டர்.

ஜெல் தடவி சின்ன டாப்ளர (ரத்தம் ஓடுற சத்தத்த கேக்க வைக்கிற கருவி) வச்சா வலது கால்ல உஸ் உஸ்ஸுனு சத்தம், எடதுல ரொம்ப மெதுவா. கைல பிரஷர் 138, எடது கரண்டைல 84, கரண்டை நம்பர கை நம்பரால வகுத்தா 0.61. 0.9க்கு கீழ போனாலே அடைப்புன்னு அர்த்தமாம். சுகர்காரங்களுக்கு குழாய் சுண்ணாம்பு படிஞ்சு வெறைச்சு போயிருந்தா இந்த நம்பர் பொய்யா நல்லா காட்டவும் செய்யுமாம், அதனால ஸ்கேனும் எழுதினாங்க. ஸ்டாக்கிங்ஸ காட்டினதும் அவங்க மூஞ்சி மாறிருச்சு. "இத போட்றாதீங்க ஐயா, இறங்குற கொஞ்ச ரத்தத்தையும் இறுக்கி நிறுத்திரும்". சுடுதண்ணியும் கூடாது, பாதம் மரத்து போனவங்களுக்கு வெந்தாலும் தெரியாதுன்னாங்க. சித்திரை வெயில்ல கோயில் கல்லுல வெறுங்காலோட நின்ன மனுசன் ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டாரு.

வைத்தியம்னு பாத்தா ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பீடிய அறவே விடணும், அப்பறம் நடக்கணும். வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, விட்டதும் மறுபடி நடந்து, இப்படி அரைமணி நேரம், வாரத்துல அஞ்சு நாளாவது. வலிக்குதுன்னு ஒக்காந்துட்டாத்தான் மோசமாம். ராத்திரி படுத்தாலே வலிச்சு கால தொங்க போட்டாத்தான் சுகமா இருக்குன்னாலோ, ஆறாத புண்ணு வந்தாலோ ஒரு நாள் கூட தள்ளாம வரணும்னு ரெண்டு தடவ சொன்னாங்க. செலவு சுத்தமா இல்ல, வெளிய எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்க பாதத்துக்கு மெத்துன்னு இருக்க ரப்பர் செருப்பு) வாங்கினது மட்டும்தான்.

மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வர்ற அக்காவையும் பாத்தேன், பிரஷர் பாத்து மாத்திரை குடுத்துட்டு போறாங்க, அது நெசமாவே நல்ல விசயம். பாதத்தையும் ஒரு தடவ பாத்துருங்கக்கான்னேன், சிரிச்சுக்கிட்டே பாத்தாங்க.

ஸ்டாக்கிங்ஸ கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. அம்மாவுக்கு நரம்பு சுருட்டல் இருக்கு, உண்மையில இந்த மாதிரி ஸ்டாக்கிங்ஸ் தேவப்படுற ஆளு அவங்கதான், ஆனா இது அப்பா சைஸ். அவங்களையும் காட்டிட்டு அளவெடுத்து வாங்கலாம்னு பாத்தா அதுக்குள்ள எனக்கு ஃபிளைட் வந்துருச்சு.