20 லிட்டர் டிரை பேக்: வாளியில் அமுக்கிப் பார்த்தேன்

பிச்சாவரத்தில் கயாக் ஓட்டப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி, புதிதாக வாங்கின டிரை பேக்கை, அதாவது தண்ணீர் புகாத பையை, வீட்டிலேயே சோதித்தேன். உள்ளே செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, வாயை மூன்று சுற்று சுருட்டி, பக்கிளை மாட்டி, பெரிய வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டே சுற்றோடு மாட்டினபோது மட்டும் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள், எடுத்துப் பார்த்தால் தாளின் முனை ஈரம். அதனால் கழுத்துவரை திணிக்காதீர்கள், சுருட்ட ஒரு சாணாவது மேலே விடுங்கள்.

மறுநாள் அலையாத்திக் காட்டுக்குள் நாலு மணி நேரம், துடுப்பிலிருந்து சொட்டிக் காலடியில் தேங்கின உப்புத் தண்ணீரிலேயே கிடந்தது. மாற்றுத் துணி, மருந்துப் பை எல்லாம் அப்படியே காய்ந்திருந்தன. அந்த வகையில் முழுத் திருப்தி.

குறை என்றால் தோள் பட்டைதான். மெலிசு, கொஞ்ச தூரம் நடந்தாலே அறுக்கிறது. பட்டையை மாட்டும் உலோகக் கொக்கியில் ஒரே வாரத்தில் துரு, அதை பிளாஸ்டிக்கில் கொடுத்திருக்கலாம். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள்.

அப்புறம், பையைப் பார்க்கிற அதே ராத்திரி லைஃப் ஜாக்கெட்டையும் பாருங்கள். போட்டுக்கொண்டு, வீட்டில் யாரையாவது தோள் பக்கம் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள், காதுவரை ஏறினால் பட்டைகளை இறுக்க வேண்டும். உள்ளே 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) என்று போட்டிருந்தால் அது நீச்சல் தெரிந்தவர்களுக்கானது. தெரியாதவர்கள் தயவுசெய்து 100 நியூட்டன் கேட்டு வாங்குங்கள்.